நாரைக் கண்ணிக்குப் பதில்

...ஒரே ஒரு பொய், அதுவும் ஊரைக் கெடுக்கிற பொய் இல்லை, "ஆமாம்மா, மெட்டு என்னுதுதான், அவங்கதான் திருடிட்டாங்க" என்று சொன்னால் முடிந்தது, மெட்டு மடத்திலேயே தங்கிவிடும், வருகிற ஆண்டும் புனித வால்புர்கா திருநாளுக்குப் பாடலாம், அதற்கடுத்த ஆண்டும் பாடலாம், பல் விழுந்து குரல் போகும்வரை பாடலாம்... ரெலிண்டா நெருப்புக்கு மேல் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். மே மாதம் பிறந்துவிட்டது என்று பேர்தான், விரல் இன்னும் விறைக்கிறது, மலைப்பனி உருகி ஆறு கரை முட்டப் போய்க்கொண்டிருக்கிறது, இந்த அறையில் எரிகிற கட்டையை அணைக்க இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை. திருநாள் மாலைச் செபத்துக்கு முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணிக்கு முன்னால் வந்து பதில் சொல் என்று ஒடிலியா அம்மா சொல்லியிருக்கிறாள். மடத்துத் தலைவி கேட்டது சின்னக் கேள்விதான், மெட்டு முதலில் நம்முடையதா, அவர்களுடையதா? இவளுக்குத் தெரியாத பதிலா? இந்த மடத்தில் இவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த பதில். பாடல் தலைவி என்று இருபது பேருக்கு முன்னால் நிற்க வைத்திருக்கிறார்கள், எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் சொல்வதுதான் கடைசிச் சொல், அதுதானே இப்போது வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

எல்லாம் ஹெம்மாவால் வந்தது. பாவம், அவளைச் சொல்லி என்ன, நேற்றுத்தான் துறவி முக்காடு போட்ட பெண், துணி அலசப் போனவளுக்கு விருந்தினர் விடுதிச் சன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டிருக்கிறது, வெள்ளத்தால் ஓடம் நின்றுபோய் அங்கே ஒதுங்கியிருந்த படிப்பாளிப் பையன்கள் பாடியிருக்கிறார்கள், பாரிஸுக்கும் எங்கெங்கோவுக்கும் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு உச்சந்தலையை மட்டும் மழித்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சோறு கேட்டுத் திரிகிற கூட்டம், அவர்கள் பாடியது லத்தீனில் ஒரு காதல் பாட்டு, மெட்டு மட்டும் அச்சாக நம்முடைய வால்புர்கா பாட்டின் மெட்டு. ஹெம்மா ஈரக் கையோடு தலைவியிடம் ஓடிவிட்டாள். "அம்மா, நம்ம புனிதை பாட்டை அவங்க என்னமோ பண்ணிட்டாங்கம்மா, உதடுன்னு வருது, கழுத்துன்னு வருது!" ஒடிலியா அம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. இந்தப் பாட்டைப் பற்றி ஆயரிடமே பெருமையடித்திருந்தவள் அவள், எங்கள் ரெலிண்டாவுக்குச் செபத்தில் வந்த மெட்டு என்று. செபத்தில் வந்தது என்று ரெலிண்டா ஒருநாளும் சொன்னதில்லை. "வந்தது" என்று மட்டும் சொன்னாள். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை, மடத்தில் ஒன்று வந்தது என்றால் மேலேயிருந்துதான் வரவேண்டும்.

கெப்பா ஒரு கூடை முட்டையோடு நெருப்புப் பக்கம் வந்தாள். மடைப்பள்ளி அவள் பொறுப்பு. மணி அடித்துவிட்டால் பேசக்கூடாது, கைச்சாடைதான், ஆனால் கெப்பாவுக்கு விதி என்பது மற்றவர்களுக்கு. கையை மீன்வால்போல ஆட்டி, பிறகு கழுத்தில் வைத்து அறுக்கிற மாதிரிக் காட்டினாள், மீன் மாதிரிச் செத்துக் கிடக்கிறாயே என்று அர்த்தம். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயையே திறந்தாள். "ஏன்டி இப்படி நிக்கிற? அந்தத் தடிப்பயலுங்களுக்காகவா? ஒரு வாரமா உங்க ஒத்திகையச் சுவரு வழியாக் கேட்டுக்கிட்டே கிண்ணம் கிண்ணமாப் பட்டாணிக் கூழு குடிச்சானுங்க. திருடினா திருடட்டும்னு விடு, இல்லன்னா மாட்டி விடு. ஆயரோட ஆளு கீழ முற்றத்துலதான் சவரக் கத்தியோட ஒக்காந்திருக்கான்." சொல்லிவிட்டு ஒரு வெந்த முட்டையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். சூடு உள்ளங்கையில் இறங்கியது. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் இவள் கையில் முட்டை திணிக்க உலகத்தில் கெப்பா ஒருத்தி இருக்கிறாள், அதற்காவது நன்றி சொல்ல வேண்டும், சொல்லவில்லை, முட்டையை உருட்டிக்கொண்டே நின்றாள். சவரக் கத்தி... புனிதப் பாட்டைத் தெருப்பாட்டாக்கினால் அவர்களுக்கு அதுதான் தண்டனை, தலையை முழுசாக மழித்துவிடுவார்கள், உச்சி வட்டம் எங்கே இருந்தது என்றே தெரியாமல். வட்டம் போனால் குருமாரில் ஒருவன் என்ற பேர் போயிற்று, மடத்துச் சோறு போயிற்று, எந்த ஊர்க் காவலனும் பிடித்து அடிக்கலாம். வட்டம் வளர்ந்து வர எத்தனை நாள் ஆகும், அது மயிர் இல்லையே, பேர் ஆயிற்றே.

அந்தப் பையன் கோஸ்வின்... மதியம் பேச்சறையில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றான், மூன்று பேருக்கும் அவன்தான் வாய். ஒடிலியா அம்மா இந்தப் பக்கம் நாற்காலியில், ரெலிண்டா அவள் தோளுக்குப் பின்னால். "எங்க புனிதையோட மெட்டை எங்கேயிருந்துடா எடுத்த?" "எடுக்கலீங்க தாயே, அது ரோட்டுல கிடந்துச்சு." "கிடந்ததா?" "எல்லாரும் பாடுறாங்க தாயே. ரைன் ஆத்துப் படகுல ஒருத்தன் பாடினான், ரெய்ம்ஸ்ல ஒரு சத்திரத்துல நாலு பேரு பாடினாங்க. பாட்டுக்கெல்லாம் அப்பன் பேரு கேட்டா எப்படி? சித்தப்பனுங்கதான் நூறு பேரு இருக்கானுங்க." பின்னால் நின்ற இருவர் சிரிப்பை இருமலாக்கினார்கள். ஒடிலியா அம்மாவின் கைத்தடி ஒரு தட்டுத் தட்டியது. "பாடு. முழுசாப் பாடு. ரெலிண்டா, நீ கேட்டுச் சொல்லு." அப்படித்தான் கேட்க நேர்ந்தது, இத்தனை காலம் கழித்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தலைவியின் முக்காட்டைப் பார்த்துக்கொண்டு... முதல் கண்ணியிலேயே தெரிந்துவிட்டது. அது வெசலோவுடையது. அடுத்தது இவளுடையது. பிறகு அவருடையது. பிறகு இவளுடையது. ஒரு சொல் மாறவில்லை, ஓரிடத்தில் மட்டும் 'குளிர்ந்த விரல்' என்பது 'வெண்ணிற விரல்' ஆகியிருந்தது, யாரோ ஒரு முட்டாள் அழகாக்கியிருக்கிறான். என் விரல் வெண்ணிறமாக எப்போது இருந்தது, அது குளிரில் சிவந்து வீங்கித்தானே இருக்கும், அதைப் பார்த்துத்தானே அவர் எழுதினார்.

வெசலோ... அந்தப் பேரை மனசுக்குள்கூட நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உதடு அசைந்துவிடும். அப்போது இவள் துறவியில்லை, மடத்தில் படிக்க விட்டுப்போன பெண்களில் ஒருத்தி, தகப்பனாருக்குப் பெரிய நிலம், பெரிய குரல், நிறையப் பெண்கள். வெசலோ லத்தீன் யாப்புச் சொல்லிக்கொடுக்க வந்த இளம் குரு மாணவர், காது இரண்டும் தலையைவிட்டு விலகி நிற்கும், அழகு என்று சொல்ல முடியாது. மெழுகுப் பலகையில் ஒரு கண்ணி எழுதி அனுப்புவார், இதற்கு இணை எழுது, அசை தவறக்கூடாது என்று. கோயில் பாட்டுகளில் ஒரு பக்கத்துக்காரர் பாடினால் எதிர்ப்பக்கத்துக்காரர் அதே மெட்டில் பதில் பாடுகிற மாதிரி, அவர் ஒன்று, இவள் ஒன்று. முதலில் வசந்தத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். வசந்தத்தைப் பற்றி எத்தனை கண்ணி எழுத முடியும்? பேரிக்காய்த் தோட்டத்துச் சுவரோரம் வகுப்பு என்ற பேரில் அதைப் பாடியும் பார்த்தார்கள், கூட இருந்த மூத்த கன்னித்துறவி தூங்கிப்போவாள், அவளுக்குக் கர்த்தர் நல்ல தூக்கத்தைக் கொடுத்திருந்தார். வெசலோவுக்குப் பொறுமையே கிடையாது. இவள் கண்ணியின் கடைசிச் சுரம் முடியுமுன் அடுத்ததை எடுத்துவிடுவார், இவள் சுரத்தின் மேலேயே ஏறி விழுவார். "ஐயா, நான் முடிக்கவே இல்லையே!" "நீ முடிக்கிற வரைக்கும் நான் எப்படித் தாங்குறது?" என்று சிரிப்பார், காது சிவக்கும். ஒருமுறை பலகையில் மெழுகைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு எழுதாமல் வெறுமையாகவே கொடுத்தார். அதற்கு இணை என்ன எழுதுவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள்... வெறுமையாகவே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், புத்தி வரவில்லை, வசந்தம் என்று எதையோ கிறுக்கிக் கொடுத்தாள்.

பிறகு மேற்கே படிக்கப் போகிறேன் என்றார். கூரைமேல் இருந்த நாரைகளும் அந்த வாரம்தான் போயின. இவள் கடைசிக் கண்ணியைப் பலகையில் எழுதி அவர் பையில் வைத்தாள். நாரை போன வழியே நீயும் போகிறாய், நாரைக்குத் திரும்பும் நாள் தெரியும், உனக்கு அதை யார் சொல்லித் தருவார்? "இதுக்கு இணை போய்ச் சேந்ததும் அனுப்புறேன், யோசிச்சுத்தான் எழுதணும், நல்லா எழுதிட்டியே" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார். தகப்பனார் ஒரு மாப்பிள்ளை பார்த்தார், அது தட்டிப்போனது, இன்னொன்று பார்த்தார், அதுவும் தட்டிப்போனது, சரி அங்கேயே இருந்துகொள் என்று சொல்லியனுப்பினார், இவளும் சரி என்றாள். திரும்பி வந்தால் இங்கேதானே வருவார், இடம் மாறிவிட்டால் எப்படித் தேடுவார் என்று நினைத்தாள், அப்படி நினைத்துத்தான் முக்காடு போட்டாள், இதைக் கர்த்தரைத் தவிர யாரிடம் சொல்ல முடியும், அவரிடமும் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாதா. நாரைகள் திரும்பி வந்தன. நாரைகளின் பேரன் பேத்திகள் திரும்பி வந்தன. புனிதைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று ஒடிலியா அம்மா கேட்ட நாளில் வேறு மெட்டு எதுவும் மனசில் ஓடவில்லை, இதுதான் ஓடியது, உதடு இருந்த இடத்தில் கிருபை, கழுத்து இருந்த இடத்தில் சிலுவை, விரல் இருந்த இடத்தில் புனிதையின் கல்லறையில் ஊறும் எண்ணெய்... அசை ஒன்றும் தவறவில்லை, அவர் சொல்லிக்கொடுத்த யாப்பு வீண்போகவில்லை. நாரைக் கண்ணி இருந்த இடத்துக்கு மட்டும் இணைக் கண்ணியையும் இவளே எழுதினாள், பாட்டு நொண்டியாக நிற்கக் கூடாதே. ஆனால் கற்றுக்கொடுக்கும்போது அந்த இடம் வந்தால் தானாக நின்றாள். ஒரு மூச்சுக்கு. அப்புறம்தான் எதிர்ப்பக்கத்துக்குக் கை காட்டினாள். சகோதரிகளும் அப்படியே படித்துக்கொண்டார்கள். "இங்க எதுக்கும்மா நிக்கிறோம்?" என்று ஒருத்தி கேட்டாள். "புனிதை உயிர் விட்ட இடம், மரியாதைக்கு" என்றாள் வாய்க்கு வந்ததை. இப்போது யாரும் கேட்பதில்லை. மெட்டே அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

கோஸ்வின் நாரைக் கண்ணியைப் பாடி முடித்தான், நிறுத்தினான், ஒடிலியா அம்மா முடிந்தது என்று நினைத்துக் கையைத் தூக்கினாள், அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே பாடினான். மேலே. அதே மெட்டு, இவள் கேட்டேயிராத சொற்கள். நாரைக்கு ஒரு கூடு உண்டு, அது திரும்பும், கூடு கட்டாதவன் எங்கே திரும்புவான், போகிற வழியெல்லாம் கூரைகளைப் பார்த்தேன், எந்தக் கூரையிலும் உன் வீட்டுப் புகை இல்லை... ரெலிண்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இணைக் கண்ணி! அசை சுத்தம். யார் எழுதியது? அவரா? அவராக இருந்தால் ஏதாவது ஒரு அடையாளம் வைத்திருக்க மாட்டாரா, பேரிக்காய் மரம், தூங்குகிற கன்னி, சிவந்த விரல், எழுதாத பலகை, ஏதாவது ஒன்று, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி? சொல் சொல்லாக எடுத்து உதறிப் பார்த்தாள், கூரை, புகை, கூடு, எந்த ஊரில் கூரை இல்லை, எந்தக் கூரையில் புகை இல்லை, பாட்டு அரைகுறையாய் நிற்கிறதே என்று எந்தச் சத்திரத்தில் எந்தப் பையன் பீர் குடித்துக்கொண்டே இட்டு நிரப்பினானோ... "கடைசிக் கண்ணியும் அப்படியேதான் கிடச்சுதா?" கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கோஸ்வின் கம்பி வழியாக முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "அதோட சேந்துதான் வந்துச்சும்மா. யாரு சேத்தாங்கன்னு தெரியாது. ஆனா அந்தக் கண்ணிக்குத்தான் எங்க போனாலும் சோறு கிடைக்கும், கிழவனுங்க அழுவாங்க." அதற்குமேல் எப்படிக் கேட்பது, படகில் பாடினவனுக்கு என்ன வயசு, காது எப்படியிருந்தது என்றா கேட்பது, ஒடிலியா அம்மா கழுத்தைத் திருப்பி இவளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது?

முட்டை ஆறிவிட்டது. இரண்டாம் மணிக்குக் கயிறு பிடிக்க ஆள் போகிற செருப்புச் சத்தம் நடையில் கேட்டது. ஒரே ஒரு பொய்... அப்போது மெட்டு எனக்கு, மழித்த தலை அவனுக்கு. சோறு கிடைக்கும் என்றானே. அந்தக் கண்ணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் நடந்து, மழையில் நனைந்து, கடைசியில் என் வாசலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான், யார் அனுப்பினாலும் சரி, கொண்டுவந்தவன் அவன், அவனைப் பிடித்துக் கத்திக்குக் கொடுப்பதா? ஆனால் உண்மையைச் சொன்னால் மெட்டுப் போய்விடும். தெருப்பாட்டின் மெட்டு என்று தெரிந்தபிறகு ஒடிலியா அம்மா அதைக் கோயிலுக்குள் விடமாட்டாள். ஆண்டுக்கு ஒருநாள், அவ்வளவுதான் இவள் கேட்பது, ஒருநாள் இந்தப் பக்கம் நின்று ஒரு கண்ணி பாடி, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருகிறதைக் கேட்பது, அது தானே எழுதிக்கொண்ட பதிலாக இருந்தாலும்... அது இல்லாமல் மீதி நாட்களை எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது? முட்டையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

"என்னம்மா?" என்றாள் ஒடிலியா அம்மா, ஊர்வலத்துக்குச் சிலுவையைக் கையில் எடுத்தபடி. "அவங்களுதுதான் முதல்லம்மா." ஒடிலியா அம்மா சிலுவையைத் திரும்பக் கீழே வைத்தாள். "அப்போ... மேலேயிருந்து வரலியா?" "சின்ன வயசுல காதுல விழுந்ததும்மா. பாட்டுக் கட்டறப்போ அதுதான் வந்தது." பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை, அசை மட்டும் சரியாக இருந்தது. "ஐயோ, ஆயர் முன்னாடி சொல்லிட்டேனேடி! புனிதைக்கு முன்னால வருஷா வருஷம் சந்தைப் பாட்டையா பாடினோம்!" பிறகு வாயிற்காரியைக் கூப்பிட்டு, அந்தப் பசங்களைப் போகச் சொல், ஓடம் விட ஆரம்பித்துவிட்டார்கள், இனி இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். ரெலிண்டாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு வேற பாட்டு யாருக்கும் தெரியாது, பாடித் தொலைங்க. நாளையிலேருந்து இது வேண்டாம். புதுசா ஒண்ணு கட்டு. உனக்கா வராது? ஏன்டி கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

கோயிலுக்குள் இரண்டு பக்கமும் நின்றார்கள். எதிர்வரிசையில் ஹெம்மா, அழுத கண்ணோடு, தன்னால் ஏதோ கெட்டுப்போனது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவளைப் பார்த்து ரெலிண்டா லேசாகச் சிரித்தாள், ஹெம்மா நிமிர்ந்து நின்றாள். வெளியே ஆற்றுப் பக்கம் யாரோ கூவுகிற சத்தம், ஓடக்காரனாக இருக்கும், கூடவே பையன்களின் சிரிப்பு, தலை தப்பிய சிரிப்பு. போகட்டும். ரெலிண்டா பாட்டை எடுத்தாள். கிருபை, சிலுவை, எண்ணெய்... அடியில் உதடும் கழுத்தும் விரலும் ஓடிக்கொண்டிருந்தன, எப்போதும் ஓடுகிற மாதிரி, மேலே பனிக்கட்டியும் கீழே ஆறும், கடைசித் தடவை என்பதால் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள், ஆனால் பாட்டு வழக்கத்தைவிட வேகமாக ஓடியது, அதற்குள் நாரைக் கண்ணியின் இடம் வந்துவிட்டது. அவள் பக்கம் பாடி முடித்தது. நின்றாள். எல்லோரும் நின்றார்கள், வழக்கம்போல, ஒரு மூச்சுக்கு. அந்த மூச்சுக்குள் கோயில் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, ஒடிலியா அம்மா கையைத் தூக்கியது மட்டும் கண்முன் வந்தது, மதியம், பேச்சறையில், முடிந்தது என்று நினைத்து... ஏன் நினைத்தாள்? அவன் நிறுத்தினான். கோஸ்வின் இங்கே நின்றான். இதே இடத்தில், இதே அளவு.

வெசலோ எந்தக் கண்ணிக்கும் நின்றதில்லையே. முடிக்கவிடாமல் ஏறி விழுகிறவர். இந்த மூச்சு பாட்டில் கிடையாது, அவர் போன பிறகு என்னிடம் வந்தது, இந்தச் சுவருக்குள் வந்தது. அப்படியென்றால் பையன் ஒத்திகையைச் சுவர் வழியாகக் கேட்டுக் கூழ் குடித்துக்கொண்டே இதையும் எடுத்துக்கொண்டானா... இல்லை, அங்கேயும் எங்கேயோ ஒருவர், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சுக்கு நின்று... ஓடம் இந்நேரம் நடு ஆற்றில் இருக்கும். ரெலிண்டாவின் கை எதிர்ப்பக்கத்துக்குக் காட்டப் பாதி உயர்ந்து, அப்படியே நின்றது. ஹெம்மா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.